சிபி400 எஞ்சினை முழுசாகப் பிரித்துக் கட்டலாமா? திறப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

சிங்கப்பூர்த் தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். அண்ணனிடமிருந்து கைமாறி வந்த ஹோண்டா சிபி400 ரெவோ பைக், 2009ல் பதிவானது. ஓடியிருப்பது 114,000 கிலோமீட்டர். ஈசூனிலிருந்து துவாஸுக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிறார். சிஓஇ, அதாவது வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ், ஒருமுறை பத்தாண்டுக்குப் புதுப்பித்தது, இன்னும் 38 மாதம் மிச்சம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வருகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் எண்ணெய் குறைகிறது. ஐடிலில், அதாவது முடுக்காமல் நிற்கும்போது, எஞ்சினுக்குள் சலசலவென்று ஒரு சத்தம். பட்டறையில் காட்டியதற்கு, "எஞ்சின் தேய்ந்துவிட்டது, ஃபேக்டரி ரீபில்ட் மாதிரி முழுசாகச் செய்து தருகிறோம், 4,800 வெள்ளி (டாலர்)" என்றார்களாம். செய்யலாமா, வேறு எஞ்சின் வைக்கலாமா, அல்லது பைக்கைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாமா என்பது கேள்வி.

நான் இருபது வருடமாக எஞ்சின் திறந்து மூடும் வேலையில் இருப்பவன். என் பதில்: இப்போதைக்கு 4,800 வெள்ளி கொடுக்காதீர்கள், பைக்கையும் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியதில் எஞ்சின் தேய்ந்திருக்கிறது என்பதற்கு ஓர் எண்கூட இல்லை. புகையும் சத்தமும்தான் இருக்கின்றன. அவை எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லாது.

முதலில் அந்த "ஃபேக்டரி ரீபில்ட்" என்ற பேச்சு. உண்மையிலேயே தொழிற்சாலைக்கு எஞ்சினை அனுப்பிக் கட்டி வாங்கும் ஏற்பாடு உலகத்தில் இருந்திருக்கிறது. ஹார்லி டேவிட்சன் தன் டீலர்கள் வழியாக அப்படி ஒரு திட்டத்தை நடத்தியது. எஞ்சின் தொழிற்சாலைக்குப் போய், அளந்து, தேய்ந்ததை மாற்றி, உத்தரவாதத்துடன் திரும்பி வரும். விலை உயர்ந்த பைக், எத்தனை வருடம் ஆனாலும் விடாமல் வைத்திருக்கும் உரிமையாளர்கள் என்பதால் அவர்களுக்கு அது கட்டுப்படியானது. நம் ஊரில் சாதாரணமாக ஓடும் ஜப்பானிய பைக்குகளுக்கு அப்படிப் பெட்டியில் வைத்து அனுப்பும் வழி கிடையாது. பட்டறைகள் உள்ள ஊபியிலோ காக்கி புக்கிட்டிலோ ஒருவர் அப்படிச் சொன்னால், "ஒரிஜினல் பாகம் போட்டு இங்கேயே முழு ஓவர்ஹால் செய்கிறேன், பிரித்துக் கட்டித் தருகிறேன்" என்றுதான் பொருள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் தொழிற்சாலை வேலையின் உயிர் பாகத்தில் இல்லை, அளப்பதில் இருக்கிறது. கழற்றிய ஒவ்வொன்றையும் அளந்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள எல்லையோடு ஒப்பிட்டு, எழுதி வைப்பார்கள். அந்தத் தாள் இல்லாமல் ஒருவர் எந்தப் பெயர் சொன்னாலும் பயன் இல்லை.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தேன். அப்போது என்னிடம் ஒரு 200சிசி பைக் இருந்தது. புகை விட்டது. ஒரு பட்டறையில் விட்டேன். "ரிங் மாற்றியாச்சு, புது எஞ்சின் மாதிரி" என்று கொடுத்தார்கள். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி இருந்து சிலிண்டர் சுவரை அடைக்கும் வளையம். நான்கே மாதத்தில் புகை திரும்பி வந்தது. அடுத்து அதைத் திறந்தவர் வயதான ஒரு மெக்கானிக். சிலிண்டரை மேசைமேல் வைத்து, அதன் துளையை, அதாவது போரை, அளக்கும் போர் கேஜை உள்ளே இறக்கி, என்னைக் கூப்பிட்டு டயலைப் பார்க்கச் சொன்னார். அடியில் முள் பூஜ்யத்தில் நின்றது. மெல்ல மேலே இழுத்தார். ரிங் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் முள் ஒன்பது கோடு நகர்ந்தது. ஒரு கோடு என்றால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கேஜைப் பக்கவாட்டில் திருப்பினார், முள் நாலு கோட்டுக்கு இறங்கியது. அதாவது அந்தத் துளை மேலே அகன்றும் இருந்தது, வட்டமாகவும் இல்லை. வட்டமில்லாத துளையில் வட்டமான புது ரிங்கைப் போட்டிருக்கிறார்கள். எப்படிப் பிடிக்கும்? முன்பு செய்தவர் ரிங்கை மாற்றியது பொய் இல்லை. போரை அளக்கவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு அந்த டயலைப் பார்த்ததில்தான் எனக்கு இந்த வேலைமேல் ஆசையே வந்தது.

சரி, உங்கள் பைக்குக்கு வருவோம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் புகைத்துவிட்டு நின்றுபோவது, சரிவில் திராட்டிலை மூடி இறங்கியபின் மறுபடி திருகும்போது ஒரு கொத்துப் புகை வருவது: இரண்டும் வால்வு சீல், அதாவது வால்வுத் தண்டில் எண்ணெயைத் தடுக்கும் அடைப்பு, பேசும் பேச்சு. இரவெல்லாம் நிற்கும்போது வால்வுத் தண்டு வழியாக எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கி நிற்கும், காலையில் எரிந்து போகும். ரிங் தேய்ந்திருந்தால் கதை வேறு. வண்டி சூடானபின்னும், பாரத்தோடு முறுக்கி ஏற்றும்போதும் புகை தொடர்ந்து வரும். புக்கிட் தீமா விரைவுச்சாலையில் ஏறி வேகம் எடுக்கும்போது பின்னால் ஒரு நண்பரை வரச் சொல்லுங்கள். நீலமாக ஒன்றும் தெரியவில்லை என்று அவர் சொன்னால் எனக்குப் பாதி நிம்மதி.

ஆனால் அதற்கும் முன் இரண்டு சின்ன விஷயம். எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினால், எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் மூச்சுக்குழாய் வழியாக, காற்று வடிகட்டி உள்ள ஏர் பாக்ஸுக்குள் போய் அங்கிருந்து எரிந்துவிடும். ஏர் பாக்ஸின் அடியில் உள்ள வடிகுழாயைக் கழற்றிப் பாருங்கள், எண்ணெய் வடிந்தால் உங்கள் அரை லிட்டரில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. அளவு பார்க்கும்போது பைக் சைட் ஸ்டாண்டில் சாய்ந்திருக்கக் கூடாது. வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) கார்நிறுத்தத்தில் சாய்ந்து நிற்கும் வண்டியைப் பார்த்து "குறைந்துவிட்டது" என்று நினைத்து ஊற்றிக்கொண்டே போனவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

சலசலப்பு அநேகமாகக் கேம் செயின் டென்ஷனர், வால்வுகளை இயக்கும் செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம். சிபி400 ஓட்டுபவர்களுக்கு இது பழகிய சத்தம். டென்ஷனர் தளர்ந்தால் செயின் ஆடும், ஐடிலில் கேட்கும், கொஞ்சம் முறுக்கினால் அடங்கும். டென்ஷனரை மட்டும் மாற்றினாலே பெரும்பாலும் தீரும், எஞ்சினைப் பிரிக்கத் தேவையே இல்லை. கவலைப்பட வேண்டிய சத்தம் வேறு: அடி ஆழத்திலிருந்து, பாரம் ஏறும்போது, சுத்தியலால் மரத்தைத் தட்டுவதுபோல் வரும். அது கிராங்க்கின், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின், பேரிங். அதைக் கேட்டால் வண்டியை அங்கேயே அணைத்து லாரியில் ஏற்றுங்கள். பட்டறைவரை ஓட்டிப் போய்விடலாம் என்று நினைத்தால், பேரிங்கோடு முடிந்திருக்க வேண்டியது கிராங்க் ஷாஃப்ட்வரை போய்விடும்.

இப்போது அளக்கும் வேலை. மூன்று சோதனை கேளுங்கள், மூன்றுக்கும் எண்ணை எழுதி வாங்குங்கள்.

முதலாவது, வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் கேமுக்கும் நடுவே உள்ள இடைவெளி. பலரும் இதை விட்டுவிட்டு நேராகக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்ப்பார்கள். வருடக்கணக்கில் ஓடும்போது வால்வு அதன் இருக்கையில் அமிழ்ந்து இடைவெளி இறுகும், முழுசாக மூடாது, கம்ப்ரஷன் குறையும். அதைப் பார்த்து எஞ்சின் போச்சு என்று சொல்லிவிடுவார்கள். உங்கள் எஞ்சினில் 16 வால்வு, ஷிம் என்ற சின்னத் தகடு வைத்துச் சரிசெய்யும் வகை. பொறுமை வேண்டிய வேலை என்பதால் முன்பு யாரும் செய்யாமல் விட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அண்ணனிடம் கேளுங்கள், கடைசியாக எப்போது பார்த்தார் என்று.

இரண்டாவது, கம்ப்ரஷன். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் வெளியே, திராட்டில் முழுசாகத் திறந்து, பேட்டரி நல்ல சார்ஜில். முள் ஏறி நிற்கும்வரை சுற்ற வேண்டும். நான்கு எண் வரும். மேனுவல் சொல்லும் அளவு ஒரு பக்கம் இருக்கட்டும், நான்குக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை முதலில் பாருங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஒன்று மட்டும் தொங்கினால், அந்தச் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எண் சட்டென்று ஏறினால் ரிங் அல்லது போர், ஏனென்றால் எண்ணெய் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்துவிடும். ஏறாமல் அப்படியே நின்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு).

மூன்றாவது, லீக் டவுன், அதாவது கசிவுச் சோதனை. பிஸ்டனை உச்சியில் நிறுத்திக் கம்ப்ரஸர் காற்றைப் பிளக் துளை வழியாக உள்ளே விடுவார்கள். எவ்வளவு கசிகிறது என்று கேஜ் சொல்லும், எங்கே கசிகிறது என்று உங்கள் காது சொல்லும். சைலன்சர் பக்கம் உஸ் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் பாக்ஸ் பக்கம் என்றால் இன்டேக் வால்வு. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வைத்தால் ரிங் கசிவு கேட்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் குமிழி வரும், வந்தால் ஹெட் கேஸ்கெட். இருபது சதவீதத்துக்கு மேல் கசிந்தால் திறந்துதான் ஆக வேண்டும். பத்துக்குக் கீழே என்றால் 114,000 கிலோமீட்டர் ஓடிய எஞ்சினுக்கு அது நல்ல சேதி.

இதோடு பழைய ஆயில் ஃபில்ட்டரையும் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் எப்போதும் செய்வேன். மடிப்புத் தாளை விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மினுக்கம் தெரியும். கொஞ்சம் வெள்ளி நிறத் தூள் எல்லா எஞ்சினிலும் இருக்கும். காந்தத்தை வைத்தால் இரும்பு ஒட்டும், அலுமினியம் ஒட்டாது. செம்பு நிறத்தில் செதில் செதிலாக ஏதாவது இருந்தால் மட்டும் முகம் மாறும், அது பேரிங் ஷெல்லின் உள்ளடுக்கு. இல்லாவிட்டால் கிராங்க் பக்கம் கை வைக்கவே வேண்டாம். முழு ஓவர்ஹாலின் கூலியில் பெரும்பங்கு கேஸைப் பிளந்து கிராங்க்கை வெளியே எடுப்பதற்குத்தான் போகிறது.

அப்புறம், காசுக் கணக்கு. சிங்கப்பூரில் எஞ்சினின் வயதைவிடச் சிஓஇயின் மிச்சம்தான் கணக்கை நடத்துகிறது. 4,800 வெள்ளியை 38 மாதத்தால் வகுத்தால் மாதம் 126 வெள்ளி. சிஓஇ முடிந்ததும் விடப் போகிறீர்கள் என்றால் அது அதிகம். மறுபடி பத்தாண்டுக்குப் புதுப்பிக்கிற உறுதி இருந்தால் அதே செலவு 158 மாதத்துக்குப் பரவும், மாதம் 30 வெள்ளிதான். அதற்குமேல் புதுப்பிக்கும்போது அன்றைய பிகியூபி (PQP) கட்ட வேண்டும், அதாவது அதற்கு முந்தைய மூன்று மாதச் சிஓஇ விலையின் சராசரி. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் பாதிதான் கட்டுவீர்கள், ஆனால் அதன்பின் அந்த வண்டியை மறுபடி புதுப்பிக்க முடியாது. எனவே முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: 38 மாதம் கழித்து இந்த வண்டியைப் புதுப்பிப்பேனா? எஞ்சின் முடிவு அந்தப் பதிலுக்குப் பின்னால்தான் வரும்.

இப்போதே விட்டுவிட்டால்? மோட்டார் சைக்கிளுக்கு, கார்களைப் பதிவு நீக்கும்போது கிடைக்கும் பார்ஃப் தள்ளுபடி கிடையாது. மிச்சமுள்ள மாதத்துக்கான சிஓஇ பங்கு மட்டும் திரும்பி வரும். 2019ல் உங்கள் அண்ணன் கட்டியது இன்றைய விலையைப் பார்க்கும்போது சொற்பம், அதனால் திரும்பி வருவதும் சொற்பம். வாங்கப் போகும் வண்டிக்கோ இன்றைய சிஓஇ. 2022 நவம்பரில் பைக் சிஓஇ 13,000 வெள்ளியைத் தாண்டியது நினைவிருக்கும். அதோடு சிபி400 உற்பத்தியையும் ஹோண்டா 2022லேயே நிறுத்திவிட்டது. நான்கு சிலிண்டரும், விடெக் என்ற ஹோண்டாவின் வால்வு நுட்பமும் சேர்ந்த அந்த 400ஐப் புதிதாக வாங்க இடமே இல்லை. நல்ல நிலையில் இருக்கும் ஒன்றை வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

யாருமே சொல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு: எதையும் பிரிக்காமல் எண்ணெய் ஊற்றி ஓட்டுவது. நாளைக்கு 75 கிலோமீட்டர், மாதம் 24 நாள் என்றால் 1,800 கிலோமீட்டர். மாதத்துக்கு 0.9 லிட்டர். 38 மாதத்துக்கு 34 லிட்டர். லிட்டர் 18 வெள்ளி என்று வைத்தாலும் ஏறக்குறைய 615 வெள்ளி. கம்ப்ரஷன் எண்கள் நன்றாக வந்து, குற்றம் வால்வு சீலில் மட்டும்தான் என்று உறுதியானால், 38 மாதத்தோடு வண்டியை விடப் போகிறவர் இந்த வழியில் போவது புத்திசாலித்தனம்தான். ஆனால் இரண்டு நிபந்தனை. வாரம் ஒருமுறை தவறாமல் அளவு பார்க்க வேண்டும். இரவு ஷிஃப்ட் முடிந்து களைப்பில் மாதக்கணக்கில் விட்டுவிட்டால், எண்ணெய் குறைந்துபோய் பேரிங் கெட்டுவிடும். இன்னொன்று, எரியும் எண்ணெய் பிளக்கையும் எக்ஸாஸ்ட்டில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். வருடாந்திரப் பரிசோதனையில் புகை ஒரு நாள் காட்டிக் கொடுக்கும். காற்றைக் கெடுப்பதும் நமக்கு அழகில்லை. புகை அதிகமானால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

இதைப் படிக்கும் பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2003 ஜூலை 1க்கு முன் பதிவான பைக்குகள், கிளாசிக், விண்டேஜ் திட்டத்தில் இல்லாதவை, 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலையில் ஓட முடியாது. அந்த வண்டிக்கு எவ்வளவு பாசம் இருந்தாலும் முழு ஓவர்ஹால் வேண்டாம். ஓடும் நிலையில் வைத்துக்கொள்ள எது போதுமோ அதை மட்டும் செய்யுங்கள்.

வேறு எஞ்சினைத் தூக்கி வைப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஹாஃப் கட்டில், அதாவது வெளியூரில் கழித்த வண்டியிலிருந்து வெட்டி எடுத்து, வரும் எஞ்சின் எத்தனை ஓடியது என்று யாருக்கும் தெரியாது. தேய்ந்தது தெரிந்த எஞ்சினைக் கொடுத்து, தெரியாத எஞ்சினை வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மேலும் எஞ்சின் எண் கிராங்க் கேஸில் குத்தப்பட்டிருக்கிறது. மாற்றினால் நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏயின் அனுமதி வேண்டும். உங்கள் கேஸை வைத்துக்கொண்டு உள்ளே உள்ளதை மட்டும் மாற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூர் பாருவில் கூலி குறைவு, அங்கே கை தேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். டென்ஷனர், சீல் மாதிரி வேலைக்குப் போகலாம். முழு ஓவர்ஹாலுக்கு என்றால் யோசியுங்கள். கட்டி முடித்தபின் 500 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்ற, கசிவு பார்க்க, சந்தேகம் வந்தால் காட்ட என்று மூன்று நாலு தடவை போக வேண்டிவரும். ஒவ்வொரு தடவையும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் நிற்க வேண்டும்.

எண்கள் மோசமாக வந்து, திறந்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பட்டறையில் இப்படிப் பேசுங்கள். ஹெட்டும் சிலிண்டரும் மட்டும் முதலில் திறக்கட்டும், மேல்பகுதி ஓவர்ஹால் போதுமா என்று அங்கே பார்ப்போம். போரை மேல், நடு, அடி மூன்று இடத்தில், முன்பின்னாகவும் பக்கவாட்டாகவும் அளந்து எழுதித் தாருங்கள். புது ரிங்கைப் போரில் வைத்து முனை இடைவெளியை ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பார்த்து அதையும் எழுதுங்கள். போர் எல்லை தாண்டியிருந்தால், இந்த மாடலுக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் பாகப் பட்டியலில் உண்டா என்று பார்த்தபின்தான் மேலே பேச்சு. பாகம் எல்லாம் கைக்கு வந்தபின் பிரியுங்கள். உற்பத்தி நின்றுபோன மாடல், ஏதாவது ஒரு கேஸ்கெட்டுக்காக எஞ்சின் துண்டு துண்டாக இரண்டு மாதம் அலமாரியில் கிடக்கக் கூடாது. உங்களுக்கு அது தினமும் துவாஸ் போகும் வண்டி. மாற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார், கேட்கத் தெரிந்த ஆள் என்று சந்தோஷப்படுவார்.

புது ரிங் போட்டால் முதல் சில நூறு கிலோமீட்டர் ஒரே வேகத்தில் விரைவுச்சாலையில் ஓட்டாதீர்கள். லிம் சூ காங், கிராஞ்சி பக்கம் ஞாயிறு காலை போய், ஏற்றி இறக்கி, முடுக்கி விட்டு, மறுபடி முடுக்கி ஓட்டுங்கள். ரிங் போரோடு பழகுவது அந்த அழுத்தத்தில்தான். மெதுவாக உருட்டிக்கொண்டே இருந்தாலும் பழகாது.

இந்த வாரம் ஏர் பாக்ஸ் குழாயைப் பாருங்கள், எண்ணெயைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்து ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள், டென்ஷனரை மாற்றுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் எவ்வளவு குறைந்தது என்று அளந்துவிட்டு, வால்வு கிளியரன்ஸும் கம்ப்ரஷனும் லீக் டவுனும் பார்த்து எண்களை எனக்கு எழுதுங்கள். நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாக வேண்டும். எண்ணெய் விடாமல் வந்தது ஒரு வரிசை, விட்டபின் வந்தது இன்னொரு வரிசை.